யாருடைய கடை நம் கடை?



சிங்கப்பூரின் வடகரையில் செம்பவாங் என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள பூங்காவில் கடலோரமாக நின்றால், நீரிணைக்கு அப்பால் நம் ஜொகூர்க் கரை தெரியும். இரவு நேரத்தில் பாசீர் கூடாங்கின் விளக்குகளை எண்ணிவிடலாம் போல அவ்வளவு பக்கம். தோட்டங்களிலிருந்து அந்தக் கரைக்குப் பிழைப்புத் தேடிப் போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நம் சித்தப்பா ஒருவரும் அப்படிப் போனவர்தாம். உளி பிடித்துப் பால் வெட்டிய கை, செம்பவாங் கப்பல் பட்டறையில் இரும்பைப் பற்றவைக்கப் பழகிற்று. இன்று ஓய்வுபெற்று, அங்கேயே அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்.

சென்ற பள்ளி விடுமுறையில் அவர் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நின்றது. நம் கைக்கு வரும் காசு ஏன் நம்மிடம் நிற்பதில்லை? நம்மவர் கடையில் வாங்கினால் நிற்குமா? அப்படியானால் ‘நம்மவர் கடை’ என்பது எது? இந்தக் கேள்விகளைத்தாம் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம்.

செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வட்டாரமும் நம் ஊரைப் போலக் கித்தாக் காடாகத்தான் இருந்தது. பின்னர் பிரிட்டிஷார் அங்கே பெரிய கடற்படைத் தளம் ஒன்றைக் கட்டி, 1938-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறந்தார்கள். தமிழர்களும் மலையாளிகளுமாக ஆயிரக்கணக்கான இந்தியர்கள் அதில் வேலை செய்தார்கள். குடியிருப்பு, பள்ளிக்கூடம், கோயில், வாசகசாலை எல்லாம் தளத்தைச் சுற்றியே அமைந்தன. முருகப் பெருமானுக்கு அந்தத் தொழிலாளர்கள் எழுப்பிய கோயில், ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் என்ற பெயரில் இன்று ஈஷூனில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் நிறையும்.

1968 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. 1971 முடிவதற்குள் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டுப் போய்விடும் என்று லண்டனில் அறிவித்தார்கள். அக்காலத்தில் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு படைத்தளங்களை நம்பியிருந்தது. தளத்தின் கப்பல் பட்டறையைச் சிங்கப்பூர் அரசாங்கம் ஏற்று, செம்பவாங் கப்பல் பட்டறை என்ற நிறுவனமாக்கியதால் பலருக்கு வேலை தப்பியது. எல்லாருக்கும் தப்பவில்லை. குடியுரிமை இல்லாத இந்தியத் தொழிலாளர் பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு கப்பலேறினர். நம் சித்தியின் தகப்பனாரும் அவர்களில் ஒருவர். இருபத்திரண்டு ஆண்டு உழைத்தவர் ஊருக்குக் கொண்டு போனவை ஒரு பெட்டி, ஒரு வானொலி, கொஞ்சம் பணம். இவ்வளவுதான் என்று சித்தி இன்றும் சொல்லுவார்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், தோட்டத்துக்கும் தளத்துக்கும் இந்த ஒன்றில் வேறுபாடு இல்லை. வேலை, வீடு, கடை, பள்ளி எல்லாம் ஒரே முதலாளியின் நிழலில் இருக்கும். துரை இருக்கும்வரை குறை தெரியாது. துரை விற்றுவிட்டுப் போகும் நாளில்தான், நமக்கென்று ஓர் ஆணிகூட இல்லை என்பது தெரியும்.

சரி, கடைக்கு வருவோம்.

555 புத்தகம் என்றால் உங்களில் பெரியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. உள்ளங்கை அளவுள்ள சிறு நோட்டு. அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். மாதம் முழுவதும் அதில் கடன் ஏறும். சம்பள நாளன்று கடைக்காரர் மேசையில் சம்பளம் இறங்கும். எங்கள் தோட்டத்துக் கடைக்காரர் நம்மவர்தாம். நம் மொழி பேசுபவர். கோயில் திருவிழாவில் முதல் மாலை வாங்குபவர். பத்து வயதில், பள்ளியில் கூட்டல் கணக்கு நன்றாக வந்த பெருமையில், ஒருநாள் எங்கள் வீட்டு 555 புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தோம். ஒரு பால்டின் இரண்டு முறை ஏறியிருந்தது. ரொக்கம் கொடுத்து வாங்குகிறவருக்கு ஒரு விலையும் புத்தகத்துக்கு வேறு விலையுமாக இருந்ததையும் கண்டோம். உடனே போய்க் கேட்க வேண்டுமென்று கிளம்பியபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். “பேசாம இரு. நாளைக்கு அவர் கடன் இல்லேன்னு சொன்னா, இருபதாம் தேதிக்கு மேல உலையில எதைப் போடறது?” என்றார்.

அந்தக் கடைக்காரர் கொடியவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக் கடைசி அடைமழையில் பால் வெட்டே இல்லாத வாரங்களில் அரிசி கொடுத்தவர் அவர்தாம். அவருக்கும் பட்டணத்து மொத்த வியாபாரியிடம் கடன் இருந்திருக்கும். திரும்பாத கடனை அவர் எங்கேயாவது ஏற்றித்தானே ஆக வேண்டும்? ஆனாலும் ஒன்று விளங்கிற்று. கடைக்காரரின் முகம் நம் முகமாக இருப்பதனால் மட்டும் கடை நம்முடையதாகிவிடாது. கணக்கைக் கேட்க முடியாத இடம் நம் இடமாகுமா?

இதனால் நம்மவர் கடையைக் கைவிடுங்கள் என்று நாம் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

காசு எப்படிச் சுற்றுகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். லயத்திலிருந்து தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த அறுபது குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோசை மாவு, மிளகாய்த்தூள், பலகாரம், பூ, தையற்கூலி ஆகியவற்றுக்கு ஒரு குடும்பம் மாதம் 30 வெள்ளி செலவு செய்தால், அறுபது குடும்பத்துக்கு 1,800 வெள்ளி. ஆண்டுக்கு 21,600 வெள்ளி. இந்தப் பணம் முழுவதும் பட்டணத்துப் பேரங்காடிக்குப் போனால், அன்று மாலையே அது வேறோர் ஊர் வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடும். அதே பணத்தை மாவரைக்கும் ஒரு தாயாரிடம் கொடுத்தால், அவர் தம் மகளின் சட்டையைப் பக்கத்துத் தெருவில் தைக்கக் கொடுப்பார். தையற்காரி தம் வீட்டு விசேஷத்துக்குப் பலகாரம் சொல்லுவார். ஒரே நோட்டு மூன்று அடுப்பை எரித்துவிட்டுத்தான் ஊரை விட்டுப் போகும். எப்படியும் ஒருநாள் போகத்தான் போகிறது. அரிசியும் சீனியும் எண்ணெயும் நாம் விளைவிப்பவை அல்லவே. ஆனால் போகுமுன் எத்தனை கை மாறுகிறது என்பதில்தான் ஓர் ஊரின் செழிப்பும் வறட்சியும் இருக்கின்றன.

சிராங்கூன் சாலையைத் தெரியாதவர் நம்மில் குறைவு. தேக்கா என்றால்தான் நம்மவர்க்கு உடனே புரியும். அந்தச் சாலையில் பி. கோவிந்தசாமி பிள்ளை என்றொரு வணிகர் இருந்தார். மாயவரம் பக்கத்திலிருந்து 1905-இல் சிங்கப்பூருக்கு வந்தவர். பலசரக்குக் கடையில் வேலைக்கு இருந்து, பிறகு சொந்தக் கடை கண்டு, மளிகை, புடவை, மாவு ஆலை என்று வளர்ந்தார். பி.ஜி.பி. கடை என்றால் தீவு முழுவதும் தெரியும். அந்தக் கடையை வளர்த்தவர்கள் யார்? தளத்திலும் துறைமுகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் கூலி வேலை பார்த்து, தீபாவளிக்கு ஒரு வேட்டியும் சேலையும் வாங்கியவர்கள்தாம். அவர் தம் செல்வத்தில் ஒரு பகுதியைக் கோயில் திருப்பணிக்கும் பொதுக் காரியங்களுக்கும் திருப்பிக் கொடுத்தார். பெருமாள் கோயிலில் அவர் பெயரால் உள்ள திருமண மண்டபத்தில் எத்தனையோ ஏழைத் தொழிலாளர் வீட்டுக் கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. 1980-இல் அவர் மறைந்தார்.

இதை நாம் சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் ஒரு கேள்வி போட்டார். “பெரிய மனசுள்ள மனுசன் கொடுத்தாரு, வாத்தியாரே. மனசில்லாதவனா இருந்தா நம்ம என்ன செஞ்சிருப்போம்?”

அவருடைய வீட்டுக்குக் கீழேயும் ஒரு தமிழர் மளிகைக்கடை இருக்கிறது. சித்தப்பா வெற்றிலை, வாழையிலை, பூ, புளி எல்லாம் அங்கேதான் வாங்குகிறார். அரிசியும் எண்ணெயும் மட்டும் ஃபேர்பிரைஸ் பேரங்காடியில். ஏன் இந்தப் பாகுபாடு என்று கேட்டோம். “அதுவும் நம்ம கடைதான்” என்றார். சங்கத்தில் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் அவர் பங்குக்கும் அவர் வாங்கிய சாமான்களுக்கும் ஏற்ப ஏதோ ஒரு தொகை வரவு வைக்கப்படுகிறது.

அந்தக் கடையின் கதை கேட்கத்தக்கது. 1973-இல் உலகெங்கும் விலைவாசி ஏறிற்று. அரிசி விலையைக் கேட்டால் வயிறு எரிந்தது. அப்போது சிங்கப்பூரின் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், அதாவது என்.டி.யு.சி., ‘வெல்கம்’ என்ற பெயரில் ஒரு கூட்டுறவுக் கடையைத் தோ பாயோவில் அந்த ஆண்டு ஜூலையில் திறந்தது. பதுக்கி வைத்து விலையேற்றுகிறவர்களுக்கு எதிரே நியாய விலைக்கு ஒரு கடை நின்றால் மற்றவர்களும் ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது என்பது எண்ணம். 1983-இல் வேறொரு தொழிற்சங்கக் கூட்டுறவுக் கடையோடு இணைந்து ஃபேர்பிரைஸ் என்று பெயர் மாறிற்று. தொழிற்சங்கங்களை இந்தக் கூட்டுறவுப் பாதையில் திருப்பியவர்களுள் முதன்மையானவர் தேவன் நாயர். அவர் பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரானதை எல்லாரும் அறிவர். மலாக்காவில் கித்தாத் தோட்டத்துக் கிராணி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கூட்டுறவுக் கடை என்பது சிங்கப்பூர் கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஆலை ஊரில், நெசவாளிகள் முதலான இருபத்தெட்டுப் பேர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து, 1844 டிசம்பரில் ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். விற்பனைக்கு வைத்தவை வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்களாம். அந்த ஆலை ஊர்களிலும் முதலாளிமார் கடைகள் உண்டு. மாவில் சுண்ணாம்புத் தூள் கலப்பதும் கடனில் கட்டிப்போடுவதும் உண்டு. ஆகவே அந்த இருபத்தெட்டுப் பேரும் சில விதிகளை வகுத்துக்கொண்டார்கள். சரக்கு கலப்படமின்றி இருக்க வேண்டும்; எடை சரியாக இருக்க வேண்டும். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. ஆண்டு மிச்சத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கடன் கிடையவே கிடையாது, ரொக்கம் மட்டும்.

கடைசி விதி கொடுமையாகத் தோன்றலாம். இல்லாதவனுக்குத்தானே கடன் வேண்டும்? ஆனால் 555 புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். கடன் வாங்குகிறவன் விலை கேட்க முடியாது, வேறு கடைக்குப் போக முடியாது, எடையைப் பார்க்கவும் முடியாது. கடன் என்ற கயிற்றை அறுத்தால்தான் மற்ற விதிகளுக்கு உயிர் வரும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். அவசரத்துக்குக் கடன் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகச் சிக்கன, கடனுதவிச் சங்கம் வைத்துக்கொள்ளலாம். மலாயாவில் 1922-இலேயே கூட்டுறவுச் சட்டம் வந்துவிட்டது. சிங்கப்பூரில் முதல் சங்கம், அரசாங்க ஊழியர்களுக்கான சிக்கன, கடனுதவிச் சங்கம், 1925-இல் பதிவாயிற்று. தோட்டங்களிலும் இத்தகைய சங்கங்கள் நடந்தன.

இதுவரை கடையைப் பற்றிப் பேசினோம். கடையைவிடப் பெரிதொன்றை நம்மவர் வாங்கிக் காட்டியிருக்கிறார்கள். தோட்டத்தையே வாங்கியிருக்கிறார்கள்.

ஐம்பதுகளில் மலாயா விடுதலை பெறும் தறுவாயிலும் அதன் பிறகும் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் கூட்டுச் சேர்ந்த வியாபாரிகள். ஆயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்கி, பத்தும் இருபதுமாக வெட்டிச் சில்லறைக்கு விற்றார்கள். இதற்குத் ‘தோட்டத் துண்டாடல்’ என்று பெயர். பெரிய தோட்டமென்றால் சட்டப்படி லயம், மருத்துவமனை, ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்க வேண்டும். இருபது ஏக்கர்காரனுக்கு அந்தப் பொறுப்பு ஏது? வேலை போயிற்று, வேலை போனால் லயத்து வீடும் போயிற்று. பேராசிரியர் உங்கு அசீஸ் இதை விரிவாக ஆராய்ந்து 1962-இல் அறிக்கையே வெளியிட்டார். சட்டி பானையோடு சாலையோரம் உட்கார்ந்த குடும்பங்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள்.

அப்போது அமைச்சராயிருந்த வீ.தி. சம்பந்தன் (துன் பட்டம் பின்னர் வந்தது) ஒரு யோசனையோடு தோட்டம் தோட்டமாகப் போனார். தோட்டம் விற்பனைக்கு வருகிறதென்றால் அதைத் தொழிலாளியே வாங்கினால் என்ன? ஒரு தொழிலாளியிடம் ஏது பணம் என்பதுதான் எல்லாருக்கும் எழுந்த கேள்வி. பங்கு 100 வெள்ளி. அதையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டாம், தவணையில் கட்டலாம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கிற்று. நாள் கூலிக்குப் பால் வெட்டியவர்களின் தவணைக் காசில் அது வந்தது. சம்பந்தன் 1979-இல் காலமாவதற்குள் பதினெட்டு அளவில் தோட்டங்களும் முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் நிலமும் சங்கத்துக்குச் சேர்ந்திருந்தன. உறுப்பினர் பல்லாயிரவர். கோலாலம்பூரில் துன் சம்பந்தன் மாளிகை என்ற கட்டடத்தைக் கடந்து போகிறவர்கள் அதை அண்ணாந்து பார்ப்பதுண்டு. அதில் நம் அம்மா, பாட்டிமார் வெட்டிய பால் உறைந்திருக்கிறது என்று நாம் மாணவர்களிடம் சொல்வோம்.

கடல்கடந்து ஒரு தோட்டக்காரப் பெண்ணின் கதையும் இதனோடு சேர்த்துக் கேளுங்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி என்ற மாநிலம், பருத்திக் காடு. அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட கறுப்பின மக்களின் பேரப் பிள்ளைகள் அங்கே வாரத்துக்குப் பயிரிட்டார்கள். தோட்டத்துக் கடையில் கடன், அறுவடையில் கழிவு, மறுபடியும் கடன். நாம் அறியாத கதையா? ஃபேனி லூ ஹேமர் அங்கே 1917-இல் ஒரு குடும்பத்தின் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தார். ஆறு வயதில் பருத்தி பறிக்க இறங்கினார். 1962-இல் வாக்காளராகப் பதிந்துகொள்ளப் பட்டணத்துக்குப் போய் வந்தார். அன்றே தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். அதே தோட்டத்தில் பதினெட்டு ஆண்டு உழைத்தவர். வாக்குரிமைக்காகச் சிறையில் அடியும் பட்டார். உரிமை கிடைத்தாலும் உணவு பிறன் கையில் இருக்கும்வரை பயம் போகாது என்பதை அவர் கண்டுகொண்டார். 1969-இல் நாற்பது ஏக்கர் வாங்கி, ஏழைக் குடும்பங்கள் கூடிப் பயிரிடும் கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார். ‘பன்றி வங்கி’ என்று ஒன்றும் நடத்தினார். ஒரு குடும்பத்துக்குப் பெண் பன்றி ஒன்றைக் கொடுப்பார்கள். ஈன்ற குட்டிகளில் சிலவற்றை அடுத்த குடும்பத்துக்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் லயங்களில் மாட்டை வாரத்துக்கு வளர்க்கக் கொடுக்கும் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொடுத்தவருக்கே கன்று போகாமல், அடுத்த ஏழைக்குப் போகிறது.

அந்தப் பண்ணை நெடுநாள் நிற்கவில்லை. கடனும் வரியும் அழுத்த, எழுபதுகளின் நடுவில் நிலம் கைவிட்டுப் போயிற்று. நல்ல நோக்கம் இருந்தால் போதும், கணக்கு தானாக வந்து சேரும் என்று நினைப்பவர்களுக்காக இதை மறைக்காமல் சொல்கிறோம்.

நம்மிடையேயும் கசப்பான அனுபவம் உண்டு. 1982-இல் மலேசிய இந்தியர்களுக்கென்றே மைக்கா என்ற முதலீட்டு நிறுவனம் தொடங்கிற்று. ஏறத்தாழ 66,000 பேர் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தோட்டத் தொழிலாளர் உண்டு. எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்தவர்களுக்கு மனக்குறைதான் மிஞ்சியது. 1986-இல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கிய இருபதுக்கு மேற்பட்ட கூட்டுறவுச் சங்கங்கள் முடங்கி, இலட்சக்கணக்கானோர் பணம் சிக்கிக்கொண்டதும் இந்த நாட்டில்தான். அவை பெரும்பாலும் சீனச் சமூகத்தாருடையவை. ஏமாற்றம் எந்த ஒரு சமூகத்துக்கும் தனிச்சொத்தன்று.

செம்பவாங்கில் சித்தப்பா வேறொரு செய்தியைக் காட்டினார். தேவன் நாயர் காலத்தில், 1970-இல், சாதாரணத் தொழிலாளிக்கும் ஆயுள் காப்புறுதி கிடைக்க வேண்டுமென்று என்.டி.யு.சி. இன்கம் என்ற கூட்டுறவு அமைந்தது. அது 2022-இல் கூட்டுறவு என்ற நிலையிலிருந்து வணிக நிறுவனமாக மாறிற்று. 2024 ஜூலையில் ஜெர்மனியின் அலியான்ஸ் நிறுவனம் அதில் பாதிக்கு மேற்பட்ட பங்கை 220 கோடி வெள்ளிக்குக் கேட்டது. மக்கள் முணுமுணுத்தார்கள், நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. அக்டோபரில் அரசாங்கம் அந்த ஏற்பாட்டுக்கு இசைய மறுத்தது. டிசம்பரில் அலியான்ஸ் விலகிக்கொண்டது. “ஐம்பது வருசத்துக்கு முந்தி நம்ம ஆளுங்க கட்டின வீடு. பட்டாவை யாரு வச்சிருக்கான்னு அப்பப்ப பாக்கணும்” என்றார் சித்தப்பா. அவரும் அங்கே காப்புறுதி வைத்திருப்பவர். ஆண்டுக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போனீர்களா என்று கேட்டோம். பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார்.

எனவே நம் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நம்மவர் கடையை ஆதரியுங்கள். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு ஆதரியுங்கள். சரியான எடை, விலைச்சீட்டு, நம் பிள்ளைகளுக்கு வேலை, அந்த வேலைக்கு நியாயமான கூலி: இவற்றைத் தரும் கடைக்காரர் ஐந்து காசு கூடுதலாக வாங்கினாலும் அவரிடமே வாங்கலாம். அந்த ஐந்து காசு ஊரில்தான் இருக்கும். வெறும் பெயர்ப்பலகைத் தமிழை நம்பி, கேள்வி கேட்காமல் காசைக் கொடுப்பது ஆதரவு ஆகாது. தனியொருவர் கடையில் அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை குறைவு. கூட்டுறவில் உரிமை நிறைய உண்டு, ஆனால் அதை நாம்தாம் பயன்படுத்துவதில்லை. எது மேல் என்று கேட்டால், கடினமானாலும் கூட்டுறவுதான் என்போம். கோயிலுக்கு வரி பிரித்துக் கணக்கெழுதி, ஊர்க்கூட்டத்தில் ஒவ்வொரு காசுக்கும் சண்டை போட்டு விளக்கம் கேட்கிற நமக்கு இந்த வித்தை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தளத்துத் தொழிலாளர்கள் கோயில் கட்டியதும் அப்படித்தான்.

முன்பு சொன்ன அறுபது குடும்பத்தை மறுபடியும் எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 50 வெள்ளி பங்கு போட்டால் 3,000 வெள்ளி சேரும். ஒரு கிரைண்டரும் எடைக்கருவியும் வாங்கி மாவு, மிளகாய்த்தூள் தொழிலைத் தொடங்கலாம். ஆண்டு விற்பனை 21,600 வெள்ளியில், கூலியும் செலவும் போக, நூற்றுக்கு ஐந்து மிஞ்சுவதாக வைத்தால் 1,080 வெள்ளி. 360 வெள்ளிக்கு வாங்கிய குடும்பத்துக்குத் திரும்பி வருவது 18 வெள்ளிதான். பதினெட்டு வெள்ளிக்கா இத்தனை பாடு என்று கேட்பீர்கள். நம் அம்மாவும் கேட்டார். ஆனால் மாவரைக்கிற இரண்டு பெண்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே மாதக் கூலி கிடைத்திருக்கிறது, கலப்படமில்லாத தூள் கிடைத்திருக்கிறது; ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து நின்று “இந்தச் செலவு எதற்கு?” என்று கேட்க அறுபது பேருக்கு உரிமையும் கிடைத்திருக்கிறது. சிறிதாகத் தொடங்கிக் கணக்கெழுதிப் பழகியபின், முறையாகப் பதிவு செய்ய விரும்புவோர் மலேசியக் கூட்டுறவு ஆணையத்தின் அலுவலகத்தில் கேட்கலாம். இடைநிலைப்பள்ளிகளில் மாணவர் கூட்டுறவுக் கடை இருக்கிறது. உங்கள் பிள்ளை அதில் உறுப்பினரா, ஆண்டுக்கூட்டத்தில் வாய் திறந்ததா என்று இன்றிரவே கேளுங்கள். தேர்வு மதிப்பெண்ணைக் கேட்பதுபோல் இதையும் கேட்கலாம்.

இன்னுமொரு வேலை உங்கள் வீட்டிலேயே காத்திருக்கக்கூடும். நம் பாட்டி இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். சீலைக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, நில நிதிச் சங்கத்துப் பங்குத் தவணை ரசீதுகள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர், ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அப்படி ஒரு பங்கு இருப்பதே தெரியாது. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ரசீதோ உறுப்பினர் அட்டையோ இருந்தால், இறந்தவரின் அடையாள அட்டை எண்ணையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு நேரில் போங்கள், அல்லது கடிதம் எழுதுங்கள். பங்குதாரர் உயிரோடு இருந்தால், வாரிசுப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் பாட்டி எழுதியிருந்தார். பெயருக்கு நேரே அவருடைய கட்டைவிரல் ரேகை இருந்தது.